பேர் போட்டு எழுதணும்

அவர் பேரை நான் சொல்லப்போவதில்லை. கேட்டாலும் சொல்லமாட்டேன். பேரைப் போட்டுப் பட்டதெல்லாம் போதும். எங்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர், அதனால் ஜியாகிரபி டீச்சர். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிற பெண்ணின் பேரும் கிடையாது. கடலூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் கணக்கு டீச்சர். கடலூர் முதுநகரில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. எங்கள் இருவருக்கும் வீடு சிதம்பரத்தில். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த வருஷங்கள் அவை. போக வர பஸ்தான். காலையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் முட்லூர், ஆலப்பாக்கம் என்று உருட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஒரு வகுப்பு நோட்டு முழுக்கத் திருத்திவிடலாம். நான் திருத்துவேன். அவர் யாரிடமாவது பேசிக்கொண்டு வருவார்.

கண்டக்டரைக்கூட அவர் கண்டக்டர் என்று கூப்பிட்டதில்லை. "உங்க பேர் என்னாங்க தம்பி?" என்று கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து பேரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குவார். படியில் ஆள் தொங்குகிற பஸ்ஸில் அந்த மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏன் டீச்சர், காலங்காத்தால கண்டக்டர் பேரெல்லாம் நமக்கு எதுக்கு?"

"பேர் வச்சிருக்காங்கல்ல டீச்சர். வச்ச பேர யாராவது கூப்பிடணும்ல."

நான் பாட்டுக்கு நோட்டைத் திருத்தினேன்.

வகுப்பிலும் அதே கூத்துதான். நாங்களெல்லாம் நம்பர் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அவர் நிதானமாக, இனிஷியலோடு, முழுப்பேரையும் சொல்வார். கோ. மங்கையர்க்கரசி. வே. அஞ்சலாட்சி. அ. ஃபாத்திமா பீவி. பீரியடில் கால்வாசி இதிலேயே போய்விடும். ஆனால் ஒன்று, வேறு எந்த வகுப்பிலும் அந்தப் பெண்கள் அப்படி நிமிர்ந்து எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை யாரோ "அந்த மீங்கார பொண்ணுங்க" என்று சொல்லப்போக, அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, "அதுங்க ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு. தெரியலன்னா எங்கிட்ட கேளுங்க" என்றார். அன்றைக்கு அவர் மேற்கொண்டு சாப்பிடவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னார். கடல் உள்ளே வந்த அந்த டிசம்பரில், கல்யாண மண்டபங்களில் தங்கவைத்திருந்த குடும்பங்களைக் கணக்கெடுக்க ஆசிரியர்களையும் அனுப்பினார்கள். அவருக்குக் கொடுத்த தாளில் சில இடங்களில் பெண் குழந்தை, வயது சுமார் எட்டு என்று மட்டும் இருந்ததாம். பேர் எழுத நேரமில்லையோ, சொல்ல ஆளில்லையோ.

"கேட்டு எழுதலாம்னு மறுநாள் போனேன் டீச்சர். அதுக்குள்ள அந்தப் புள்ளைங்கள வேற மண்டபத்துக்கு மாத்திட்டாங்க" என்றார். பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றது.

அப்புறம் ஒரு மூன்று வருஷம் கழித்து எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வந்தது. கல்வியில் வலைப்பூ என்று தலைப்பு. பிளாக் என்று சொன்னால்தான் எல்லாருக்கும் புரிந்தது. சென்னையிலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். பிள்ளைகள் டீச்சருக்காக எழுதினால் மார்க்குக்குத்தான் எழுதுவார்கள், வெளியே படிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் மனசிலிருந்து எழுதுவார்கள் என்றார். நல்ல பேச்சுத்தான். எங்களில் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டில் என்ன ஸ்வீட் என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். ஜியாகிரபி டீச்சர் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

கடைசியில் அந்த இளைஞர், "ஒண்ணே ஒண்ணு. பிள்ளைங்க முழுப்பேர், ஊர்ப்பேர் போடாதீங்க. முதல் எழுத்து மட்டும் போதும்" என்றார்.

இவர் எழுந்துவிட்டார். "பேர் இல்லன்னா அது யார் எழுதினதுங்க சார்?"

"பாதுகாப்புக்காகத்தான் மேடம்."

"எம் புள்ளைங்க திருட்டு வேலையா செய்யுதுங்க, மறைச்சு வைக்கறதுக்கு?"

எல்லாரும் சிரித்தோம். அந்த இளைஞரும் சிரித்துவிட்டார். அந்த இடத்தில் அவர் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். டீ வந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் இருந்தது. பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டு, இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் கழற்றுவார்கள். இன்டர்நெட் கிடையாது. அதனால் என்ன என்று இவரே ஒரு வழி பண்ணிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகள் தாளில் எழுதுவார்கள். அந்தத் தாள்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் வருவார். சனிக்கிழமை கீழவீதிப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டைப் அடித்து பிளாக்கில் ஏற்றுவார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் திரையில் தமிழாக மாறும், அதைப் பழகுவதற்கே இரண்டு மாசம் ஆனது. பிள்ளை எழுதியதில் ஒரு எழுத்தை மாற்றமாட்டார். தப்பிருந்தால் தப்போடுதான் போகும். கீழே இனிஷியல், பேர், வகுப்பு, ஊர். தாளை மறக்காமல் எழுதினவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வெளியாட்கள் படித்துவிட்டுப் பின்னூட்டம் போடுவார்கள். ஈரோட்டிலிருந்து ஒரு வாத்தியார், மலேசியாவிலிருந்து ஒரு தமிழாசிரியை, எப்போதோ சிதம்பரத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன ஒருவர். அதையெல்லாம் பிரிண்ட் எடுத்துத் திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து போர்டில் குத்திவைப்பார். பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு படித்துவிட்டு, கோலாலம்பூர் எங்கே இருக்கிறது என்று மேப்பைத் தேடி ஓடுவார்கள். பதில் எழுதித் துண்டுத் தாளில் கொடுப்பார்கள். அதுவும் சனிக்கிழமை ஏறும். எங்கள் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் என்பது ஜியாகிரபி டீச்சரின் கைப்பைதான்.

நன்றாகவும் எழுதினார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வருகிற வழியை எழுதச் சொன்னபோது ஒரு பெண், கண்ணை மூடிக்கொண்டே வந்துவிடுவேன், முதலில் கருவாடு வாசனை, அப்புறம் ரைஸ் மில், அப்புறம் பூக்கட்டுகிற அக்கா, பூ வாசனை வந்தால் பெல் அடித்துவிட்டது என்று அர்த்தம் என்று எழுதியிருந்தாள். மார்க்குக்கு எழுதினால் இது வராது. அந்தச் சென்னைக்காரர் சொன்னது சரிதான்.

ஆனால் இன்னொரு பிள்ளை என்ன எழுதியது தெரியுமா? கணக்கு டீச்சர் கத்தும்போது எனக்குத் தெரிந்த விடையும் மறந்துபோகிறது. இதை உலகம் பார்க்க ஏற்றி, போர்டிலும் குத்தி வைத்திருந்தார் மகராசி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடுங்க டீச்சர் அத."

"அவ பேர் போட்டு எழுதியிருக்கா டீச்சர். நீங்களும் பேர் போட்டு பதில் எழுதுங்க. நான் ஏத்தறேன்."

எழுதினேன். கத்தத்தான் செய்வேன் என்று எழுதினேன். அதையும் அப்படியே ஏற்றினார். ஒரு வாரம் பள்ளிக்கூடமே சிரித்தது. கத்தாமல் கணக்கு வருமா என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் அன்றைக்கே எனக்கு ஒரு பயம் தட்டியது. என்னைப் பற்றி எழுதினால் நாலு பேர் சிரிப்பதோடு போய்விடும், எல்லாருக்கும் அப்படியே போய்விடுமா?

பேர் சொல்லமாட்டேன் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தப் பெண் பிளஸ் டூவில் இருந்தாள். கடல் வந்த வருஷம் படிப்பு விட்டுப்போனதால் வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவள். பதினெட்டு முடிந்திருந்தது. அம்மா முதுநகரில் மீன் விற்கிறவர். நன்றாகப் படிப்பாள், வாய்தான் திறக்கமாட்டாள். பிளாக்குக்கு ஒருமுறைகூட எழுதிக் கொடுத்ததில்லை.

ஜியாகிரபி டீச்சர் விடுவாரா? "எல்லார் பேரும் வந்துடுச்சி. உம்பேர் மட்டும் இன்னும் வரல" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் கொடுத்த தலைப்பு, பத்து வருஷம் கழித்து நீ இருக்கப்போகும் இடம். மேப்பில் புள்ளி வைத்து, பக்கத்தில் எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று வைத்தார்கள். அவள் பாண்டிச்சேரியில் வைத்தாள். முழுசாக என்னால் சொல்ல முடியாது, ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்கிறேன். பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பேன். வீட்டில் நான் துபாயில் இருப்பேன் என்கிறார்கள். அம்மாவின் தம்பிக்கு என்னைக் கட்டிவைக்கப் போகிறார்கள். என் மாமா நல்லவர். எனக்கு அவரை மாமாவாகத்தான் பிடிக்கும்.

அவ்வளவுதான். கீழே இனிஷியல், பேர், வகுப்பு, ஊர்.

தாய்மாமனுக்குப் பெண்ணைக் கொடுப்பது அங்கே பிறந்த அன்றே பேசி வைக்கிற விஷயம். அதை வேண்டாம் என்று அவள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டாள். தாளில் எழுதிவிட்டாள். போர்டில் அது வந்தபோது பிள்ளைகள் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்கள். அந்த அளவுக்குப் பெரிய மனுஷிகள் அவர்கள். ஊருக்குள் ஒரு வார்த்தை போகவில்லை.

துபாயில் இருந்த மாமன்காரர்தான் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. ரூமில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒருவரிடம் ஊர்ப்பேரை அடித்துப் பார்க்கச் சொல்வாராம், ஊரைப் பற்றி ஏதாவது வருகிறதா என்று. எத்தனையோ வாரமாக ஒன்றும் வராத ஊர். அன்றைக்கு வந்தது. வந்தது அக்கா மகள் எழுதியது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இதில் கொடுமை. தமிழை இங்கிலீஷ் எழுத்திலேயே அடித்து ஒரு பின்னூட்டம் போட்டிருந்தார். நான்தான் அந்த மாமா. என் பேர் இது, ஊர் இது. பாப்பா, நீ நர்ஸுக்குப் படி. எனக்கு வேறு பெண் பார்க்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமை அக்காவிடம் போனில் நானே பேசிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஜியாகிரபி டீச்சர் அந்த பிரிண்டை எடுத்து என் நோட்டுக்கு மேலேயே வைத்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அந்த முகத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவேயில்லை.

படித்தேன். "நல்ல மனுஷன். ஆனா இத போர்டுல போடணுமா டீச்சர்? அவரே இன்னும் அக்காகிட்ட பேசலயே."

"அவரே பேர் போட்டு எழுதிட்டாரு டீச்சர். இத போய் மறைக்கறதா? நாலு புள்ளைங்க படிச்சா நாலு வீட்ல பேசுவாங்க."

"நாலு வீட்ல பேசுவாங்கன்னுதான் நானும் சொல்றேன்."

அவர் காதில் விழவில்லை. அன்று மத்தியானம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரே கூட்டம். கல்யாணம் வேண்டாம் என்று பெண் எழுதியபோது வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளைகள், இது சந்தோஷ சமாச்சாரம்தானே என்று வீட்டில் போய்ச் சொன்னார்கள். சாயங்காலம் மீன் கடை வரிசை பூராவும் தெரிந்துவிட்டது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தபோது அது வேறொன்றாகிவிட்டிருந்தது. மாமன்காரனே அவளை வேண்டாம் என்று நெட்டில் போட்டுவிட்டானாம்.

செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. புதனும் வரவில்லை. அடுத்த வாரம் நாங்கள் இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்து அவள் ஊருக்குப் போனோம். கடல் வந்தபின் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. அம்மா எங்களை உட்காரவைத்து, கலர் சோடா வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். எங்களைத் திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சர், இல்லன்னு சொல்லல. எந்தம்பி போன்ல எங்கிட்ட சொல்லியிருந்தான்னா நான் ஒரு பாட்டம் அழுதுட்டு, சரிடா, புள்ள படிக்கட்டும்னு உட்டிருப்பேன். வீட்டோட போயிருக்கும். இப்ப ஊரே கேக்குது. சொந்த மாமனே வேணாங்கறான்னா பொண்ணுகிட்ட இன்னா கொறைன்னு கேக்குது. எந்தம்பிக்கு நான் பதிலு சொல்லிக்குவேன். ஊருக்கு இன்னான்னு சொல்றது?"

"குறை ஒண்ணும் இல்லன்னு நான் வந்து சொல்றேம்மா. ஊர்ல யார்கிட்ட சொல்லணுமோ சொல்றேன்" என்றார் ஜியாகிரபி டீச்சர்.

"வேணா டீச்சர். நீங்க ஒண்ணு சொல்ல, அது இன்னொண்ணாப் போவும்."

விஷயம் தெரிந்து தம்பி துபாயிலிருந்து பதறிக்கொண்டு போன் பண்ணியிருக்கிறார். கடைசியில், சரி நானே கட்டிக்கிறேன் என்றுகூடச் சொன்னாராம். பெண்ணின் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. உலகத்துக்கே எழுதிப் போட்டவன் வீட்டுக்கு என் பெண் கிடையாது என்றுவிட்டார். பரங்கிப்பேட்டைக்கு அந்தாண்டை ஒரு ஊரிலிருந்து வந்து கேட்டார்கள், தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று.

"மார்ச்ல பரீட்ச இருக்கும்மா. அத மட்டும் எழுதட்டும்" என்றார் ஜியாகிரபி டீச்சர்.

"மாப்ள வீட்ல கேக்கறோம் டீச்சர்."

அந்தப் பெண் உள்வாசலில் நின்றிருந்தாள். நாங்கள் கிளம்பும்போது கூடவே நடந்துவந்தாள். ஆட்டோவுக்குக் காத்து நின்றோம். பிறகு ஜியாகிரபி டீச்சரைப் பார்த்து, "நர்ஸிங் அப்பறமாகூட படிக்கலாம்ல டீச்சர்?" என்றாள். அவள் அவருக்கு ஆறுதல் சொல்கிறாள். டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

பரீட்சைக்கு அவளை அனுப்பவில்லை. ஹால் டிக்கெட் வந்து ஆபீஸில் கிடந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, அந்தக் கட்டுரையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாதவர், ஒன்றையும் அழிக்காதவர், என்னையும் கூட்டிக்கொண்டு அந்தச் சனிக்கிழமை பிரவுசிங் சென்டருக்குப் போனார். முதலில் அந்தப் பெண் எழுதியதை எடுத்தார். அப்புறம் கருவாடு வாசனை எழுதினவள். அப்புறம் என்னைப் பற்றி எழுதினவள். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று அமுக்கினார்.

"மத்தத ஏன் டீச்சர் எடுக்கறீங்க? அதுங்க என்னா பண்ணிச்சி?"

"இன்னொரு வீட்ல யார் தேடிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியல டீச்சர்" என்றார். சாயங்காலத்துக்குள் அந்தப் பிளாக்கில் மேலே இருந்த தலைப்பைத் தவிர எதுவும் இல்லை.

திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து போர்டில் குண்டூசிகள் மட்டும் இருந்தன. பிள்ளைகள் கேட்டதற்கு, நெட் ரிப்பேர் என்று சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அன்றைக்கு அவர் வகுப்பைத் தாண்டிப் போன நான் திரும்பி வந்து நின்று கேட்டேன். உள்ளே நம்பர் ஒன், நம்பர் டூ என்று அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லாரையும்போல இரண்டே நிமிஷத்தில் முடித்தார். பஸ்ஸிலும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்வார். "என்னா டீச்சர், ஒடம்பு சரியில்லயா?" என்று கண்டக்டர் கேட்பார். இல்லைங்க என்பார்.

எனக்குப் பேச ஆளில்லாமல் போயிற்று. சண்டை போடவும் ஆளில்லை. மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. நடுவில் மற்ற பள்ளிகளெல்லாம் பிளாக் ஆரம்பிக்கிறார்கள், நம் பள்ளிக்கும் வேண்டும், உங்களுக்குத்தானே தெரியும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அவரைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

தானே புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம். ரயில் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தும் எங்களுக்குப் பழக்கம் பஸ்தான். ஒரு சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறோம். பரங்கிப்பேட்டை பஸ் நிற்கிற இடத்திலிருந்து இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி எங்களை நோக்கி வேகமாக வந்தாள்.

"டீச்சர், என்னத் தெரியுதா?"

எனக்கு உடனே தெரிந்தது. ஜியாகிரபி டீச்சருக்கும் தெரிந்தது. வாயைத் திறந்தார், பேர் வரவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அவள்தான் பேசினாள். பள்ளியில் வாயே திறக்காதவள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார், நல்லவர், குடியெல்லாம் இல்லை, மாமியார் கொஞ்சம் அப்படி இப்படி. குழந்தைக்கு ஊசி போட வந்தாளாம். "நல்லாத்தான் இருக்கேன் டீச்சர்" என்று இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் எழுதுனது எங்க போச்சி?"

அவர் என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு போன்ல நெட்டு போட்டாரு. எம்பேர அடிச்சுப் பாருங்க, வரும், நானும் எழுதியிருக்கேன்னு சொன்னேன். மாமா விஷயமெல்லாம் அவருக்குத் தெரியும், அதெல்லாம் ஒண்ணும் நெனக்க மாட்டாரு. அடிச்சாரு. ஒண்ணும் வரல. ஸ்கூல் பேரு, ஊர் பேரு எல்லாம் போட்டுப் பாத்தாரு. நான் சும்மா சொல்றேன்னு நெனச்சிக்கிட்டாரு டீச்சர்."

"எடுத்துட்டம்மா" என்றார் ஜியாகிரபி டீச்சர். "அதால உனக்கு மேல கஷ்டம் வேணாம்னு நான்தான் எடுத்துட்டேன்."

"நீங்களா எடுத்தீங்க?"

"நான்தான்."

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல டீச்சர். வந்த கஷ்டம் வந்து முடிஞ்சிடுச்சி. எம்பேர்ல இருந்தது அது ஒண்ணுதான."

"நான் குடுத்த தாளு இருக்காம்மா?"

"அம்மா வீட்ல வச்சிருந்தேன். புயல்ல ஜன்னல் கதவு பிச்சிக்கிட்டுப் போயி உள்ள எல்லாம் நனஞ்சி கூழாயிடுச்சி."

பஸ் வந்தது. பாத்து இருங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினாள். உட்கார இடம் கிடைத்ததும் குழந்தையின் கையைப் பிடித்து எங்களுக்கு ஆட்டிக் காட்டினாள்.

ஜியாகிரபி டீச்சர் அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் பேனா கேட்டார். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்து நான் பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பேன் என்று எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை.

"அடுத்து அம்மாவப் பத்தி எழுதினாளா, துபாயப் பத்தியா டீச்சர்?" என்று கேட்டார்.

"துபாய்தான்னு நெனக்கிறேன். கடைசில மாமா நல்லவர்னு வரும்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதியிருந்தா. நான்தான் என் கையால அடிச்சேன். வர மாட்டேங்குது."

நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்க்கச் சகிக்காமல், "நீங்களே ரெண்டு வரி சேத்து எழுதி ஏத்திடுங்களேன். அவ பேர அடிச்சா வரணும், அவ்வளவுதான. அவளுக்கா ஞாபகம் இருக்கப்போவுது?" என்றேன்.

அவர் அந்த ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் எழுதிட்டு அவ பேரப் போடறதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.